ரிசல்ட்டுக்கும் ஜூன் 15-க்கும் நடுவில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள். சொந்த ஊர் தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவர் கிராமம். அக்கா மகன் இந்த மே மாதம் பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகிவிட்டான். இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம், கடலுக்குப் போகிறேன் என்கிறான். புத்தகம், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள், மதியச் சாப்பாடு எல்லாம் சும்மா கிடைக்கிறபோதும் நம்ம கடலோரத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள், இவனை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தக் கரையில் 27 வருடம் அரசுப் பள்ளி வாத்தியாராக இருந்தவன். கணக்குதான் என் பாடம். அதனால் உங்கள் மருமகன் ஃபெயிலானதில் என் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டே எழுதுகிறேன். முதலில் ராமேசுவரம் தீவில் இருந்தேன், பிறகு சாயல்குடிப் பக்கம், கடைசி எட்டு வருடம் தொண்டி ரோட்டில்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்கிற பதில் வறுமை. பொய் இல்லை. ஆனால் வறுமை என்று சொன்னதும் பேச்சு அதோடு முடிந்துபோகிறது. ஒரே வீட்டில் அண்ணன் நின்றுவிடுகிறான், தம்பி கல்லூரிக்குப் போகிறான். இரண்டு பேருக்கும் வறுமை ஒன்றுதானே? நான் பார்த்த வரை, பிள்ளை நிற்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாட்காட்டி, கடலுக்கு ஒரு நாட்காட்டி. வருடத்தில் சில வாரங்கள் இரண்டும் உரசும். அந்த வாரங்களில் பிள்ளைக்குப் படிப்பில் பிடிமானம் இல்லை என்றால் கையைவிட்டு நழுவிவிடுவான்.

பையன்களுக்கு அந்த வாரங்கள் எவை என்று சொல்கிறேன். நம்ம கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பத்தாவது பரீட்சை முடிகிற நேரமும் படகுகளைக் கரையில் ஏற்றுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. பையன் பரீட்சை எழுதிவிட்டு வந்தால் ஊரில் ஆண்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். ஒரு பக்கம் பெயின்ட் அடிப்பு, ஒரு பக்கம் வலை பொத்துவது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது. சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன் ரெண்டாம் நாள் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான், ஒரு வாரத்தில் அவனுக்கும் சேர்த்து டீ வந்துவிடும். மே நடுவில் ரிசல்ட். பாஸானவனுக்குப் பிரச்சினை இல்லை. ஃபெயிலானவனுக்குத் துணைத் தேர்வு ஜூலை முதல் வாரத்தில். ஆனால் நடுவில் ஜூன் 15 வருகிறது. இரண்டு மாதம் ஓய்ந்து கிடந்த கடலில் முதல் பயணம். இறாலும் நண்டும் கணவாயும் குவிகிற நாட்கள், வருடத்திலேயே பங்கு கொழுத்து விழுகிற நாட்கள். சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, ஆள் வேண்டும். கரையில் இரண்டு மாதமாக நிற்கிற பையன் கண்ணெதிரே இருக்கிறான். ஜூலையில் எழுத வேண்டிய பரீட்சை ஜூன் மாதமே முடிந்துபோகிறது.

உங்கள் ஊரில் நாட்டுப்படகுதானே, அதற்குத் தடை இல்லையே என்பீர்கள். சரிதான். ஆனால் உங்கள் ஊர்ப் பையன்களும் மண்டபத்துக்கும் ராமேசுவரத்துக்கும் விசைப்படகில் ஆளாகப் போகிறார்கள். நாட்டுப்படகில் அப்பாவுக்குத் துணையாகப் போகிறவனுக்கோ ஜூன் 15 வரைகூடக் காத்திருக்க வேண்டாம், பரீட்சை முடிந்த மறுநாளே ஏறிவிடலாம்.

இது ஒரே நாளில் நடப்பதாக எண்ண வேண்டாம். தீவில் வேலை பார்த்தபோது என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் சில பையன்கள் செவ்வாயும் வியாழனும் மட்டும் வரமாட்டார்கள். முதலில் காய்ச்சல், பாட்டி செத்துப்போச்சு என்று காரணம் சொல்வார்கள். ஒருவனுக்கு அந்த வருடம் நாலு பாட்டி செத்தார்கள். அப்புறம்தான் புரிந்தது. ராமேசுவரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மறுநாள் காலையில் திரும்பும். செவ்வாயும் வியாழனும் விடிகாலையில் கரையில் சங்காயம் பிரிக்க ஆள் வேண்டும். சங்காயம் என்றால் வலையில் கலந்து வருகிற பொடிமீன், கழிவு மீன், கோழித்தீவன மாவுக்குப் போவது. அதில் கிடக்கிற நல்ல மீனையும் குட்டி இறாலையும் பொறுக்கிப் போடுகிற வேலைக்குச் சின்னக் கைகள்தான் தோது. நூறோ இருநூறோ கையில் கிடைக்கும், கூடவே கறிக்கு மீன். எட்டு மணிக்கு முடிந்துவிடும் வேலைதான், பள்ளிக்கு வரலாம். ஆனால் உடம்பெல்லாம் மீன் வாடை. குளிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டிலிருந்து அப்படியே வகுப்புக்கு வந்து, பக்கத்தில் இருக்கிறவன் மூக்கைப் பிடிக்கிறதைப் பார்ப்பதைவிட வராமல் இருப்பதே மேல் என்று நினைத்தான் ஒருவன். அவனே சொன்னது. நான் அதற்குப் பிறகு பதிவேட்டைக் கிழமை வாரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் தவறுகிறவன் வருடத்தில் கிட்டத்தட்ட நாற்பது விழுக்காட்டுப் பாடத்தைக் கேட்கவே இல்லை. கணக்கு சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி விட்டால் அடுத்தது மாட்டாது.

பணம் பெரிய விஷயம்தான், ஆனால் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் வந்து, "சார், அவன் காசு எங்களுக்கு வேண்டாம் சார், அவனை எப்படியாவது உட்கார வைங்க" என்று அழுதிருக்கிறார்கள். காசை விட முடியாதவன் பையன்தான். பள்ளியில் அவன் பெஞ்சின் கடைசி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து தலை குனிய வேண்டியவன். படகில் அவன் அரைப் பங்கு ஆள், இரண்டு வருடத்தில் முழுப் பங்கு. வீட்டில் சோறு போடும்போது மீன் துண்டு அப்பாவுக்கு அடுத்து அவனுக்கு விழும். முதல் மாதமே போன் வாங்கிவிடுவான். பதினாறு வயதில் ஒரு இடத்தில் அவமானம், இன்னொரு இடத்தில் மரியாதை என்றால் எந்தப் பக்கம் போவான்? நானாக இருந்தால் நானும் போயிருப்பேன்.

ஆக, கடல் அவனை இழுத்துக்கொண்டு போகிறது என்று நாம் சொல்வது பாதிதான். பள்ளி தள்ளியது மறுபாதி. ஆறாம் வகுப்பில் வாசிக்க வராமல் உள்ளே வந்தவனை எட்டு வரை ஆல் பாஸ் போட்டு ஒன்பதில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். ஆல் பாஸை நான் குறை சொல்லவில்லை. சின்ன வகுப்பில் ஃபெயிலாக்கியிருந்தால் அவன் அப்போதே போயிருப்பான். ஆனால் பாஸ் போட்ட பிறகு கற்றுக்கொடுக்கிற வேலையை யாரும் செய்யவில்லை. ஒருவன் என் வகுப்பில் இருந்தான். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு, தனக்கு அரைப் பங்கு இவ்வளவு என்று பேப்பர் இல்லாமல் சொல்வான். ஐந்து ரூபாய் பிசகாது. இதைக் கேட்டு ஆகா, கடலோரப் பிள்ளையின் அறிவு என்று புல்லரிக்க வேண்டாம். அவனால் 'விகிதம்' என்று தொடங்குகிற கேள்வியை வாசிக்க முடியவில்லை. கணக்குத் தெரிந்தவன் கணக்கில் 19 வாங்கினான். காரணம் தமிழ் வாசிப்பு.

கொரோனாக் காலம் இதை இன்னும் மோசமாக்கியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தது. போனில் பாடம் என்றார்கள். வீட்டில் ஒரு போன், அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். 2019-20இல் மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் 2025-26இல் ஒன்பதாம் வகுப்பு. ஊர் ஊராக இல்லம் தேடிக் கல்வி நடந்தது, நல்ல தன்னார்வலர் கிடைத்த இடங்களில் பிள்ளைகள் மீண்டார்கள். கிடைக்காத இடத்தில் அந்தப் பத்தொன்பது மாதம் போனது போனதுதான்.

இங்கே ஒரு விஷயம் மனதில் உறுத்துவதைச் சொல்லியாக வேண்டும். நம்ம மாவட்டம் தேர்ச்சியில் பின்தங்கிய மாவட்டம் இல்லை. 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர், சிவகங்கைக்கு அடுத்து மாநிலத்தில் மூன்றாம் இடம், 96 விழுக்காட்டுக்கு மேல். நிதி ஆயோக் 2018-இல் முன்னேற விழையும் மாவட்டம் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் எடுத்தது ராமநாதபுரத்தையும் விருதுநகரையும்தான். அந்த மாவட்டம்தான் இப்படித் தேர்ச்சி காட்டுகிறது. பெருமைதான். ஆனால் தேர்ச்சி விழுக்காடு என்பது பரீட்சை எழுதியவர்களை வைத்துப் போடுகிற கணக்கு. எழுத வராதவன் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நூறு விழுக்காடு என்று வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுகிற ஆசை வந்துவிட்டால், ஒன்பதாம் வகுப்பிலேயே மெல்லப் படிக்கிறவனின் அப்பாவைக் கூப்பிட்டு, "இவனுக்குப் படிப்பு ஏறாது, வேற எங்கயாவது சேருங்க" என்று மாற்றுச் சான்றிதழை நீட்டுகிற பழக்கமும் கூடவே வரும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இது நடந்தது. நான் எதிர்த்தேன் என்று சொல்ல ஆசைதான். முதல் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை.

ஆசிரியர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காடு நம்ம ஊர்தான். வெளி மாவட்டத்திலிருந்து பணி நியமனத்தில் வருகிறவர்கள் அடுத்த கலந்தாய்வை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? குடும்பம் திருச்சியில், வாடகை வீடு கிடைக்காத ஊரில் வேலை. ஆனால் ஜூனில் வந்த கணக்கு டீச்சர் அடுத்த ஜூனில் இல்லை என்றால், எந்தப் பையன் செவ்வாய்க்கிழமை வரமாட்டான் என்று யாருக்குத் தெரியும்?

பெண் பிள்ளைகள் கதை வேறு. உங்கள் கேள்வியில் அவர்கள் இல்லை. யாருடைய கேள்வியிலும் பெரும்பாலும் இருப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் சத்தமில்லாமல் நிற்கிறார்கள். ஊரில் நடுநிலைப்பள்ளி எட்டோடு முடிகிறது. ஒன்பதுக்கு அடுத்த ஊர். நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலை தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று போகிறது, ஆனால் மீனவர் குடியிருப்புகள் சாலையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே கடலைப் பார்த்துக் கிடக்கின்றன. இடையில் ஆள் உயரத்துக்கு மேல் சீமைக்கருவேலங்காடு. கார்த்திகை மாதம் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அந்தக் காட்டு வழியில் பதினான்கு வயதுப் பெண்ணைத் தனியாக நடக்கவிட எந்த அம்மாவுக்கு மனசு வரும்? அரசு சைக்கிள் கொடுக்கிறது, நல்ல திட்டம், ஆனால் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பில். தூரம் தொடங்குவது ஒன்பதில். அந்த இரண்டு வருடம்தான் அவள் நிற்கிற வருடம். இதை எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் தலையாட்டுவார்கள்.

அப்புறம் தண்ணீர். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி ரோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு போகும் பெண்களைப் பார்க்காமல் ராமநாதபுரம் மாவட்டத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. குழாயில் எப்போது வரும் என்று தெரியாததால் ஒரு ஆள் வீட்டில் காத்திருக்க வேண்டும், அந்த ஆள் மூத்த பெண். பள்ளியில் கழிப்பறை கட்டியிருப்பார்கள், ஆனால் தண்ணீர் உப்பு, அல்லது மோட்டார் ரிப்பேர். வயதுக்கு வந்த பிள்ளை மாதம் மூன்று நாள் வீட்டில் இருந்துவிடும். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் தென்கடலில் அம்மாக்கள் பாசி எடுக்கப் போவார்கள், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி முங்கிப் பாறையிலிருந்து பறிக்கிற வேலை. கடல் ஒத்துவருகிற நாட்களில் விடியும் முன்னே கிளம்ப வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? மறுபடியும் மூத்த பெண். மன்னார் வளைகுடாத் தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு அந்தப் பக்கம் போவதற்குக் கெடுபிடிகள். கிடைத்த நாளை விட முடியாது. அதனால் அவள் பள்ளிக்கு வராத நாட்களை முடிவு செய்வதும் கடல்தான்.

நின்ற பெண் பிள்ளை வீட்டில் சும்மா இருக்காது. நண்டு உடைக்கிற கம்பெனி, கருவாடு காய வைப்பது, இல்லாவிட்டால் மில் ஏஜென்ட் வந்து கூட்டிக்கொண்டு போவான். உங்கள் திருப்பூர்ப் பக்கமே நம்ம ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பதினெட்டு ஆனதும் கல்யாணம். சில வீடுகளில் பதினெட்டுக்கும் காத்திருப்பதில்லை.

தெற்கே போனால் படம் மாறும். சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் பனை. பதநீர்க் காலம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை போகும். அப்பா மரம் ஏற, அம்மா நாள் முழுக்க அடுப்பு முன்னால் பதநீர் காய்ச்ச, விறகு பொறுக்கவும் சிரட்டையில் ஊற்றின கருப்பட்டியை எடுக்கவும் பிள்ளை. குடும்பம் மொத்தமும் பனங்காட்டில் குடிசை போட்டுத் தங்கிவிடும். பங்குனியில்தான் முழுப் பரீட்சையும். வாலிநோக்கத்தில் உப்பளம், கடலாடிப் பக்கம் கரிமூட்டம். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமே நகர்கிற வேலைகள். பிள்ளை பெயர் எமிஸ் என்கிற கல்வித்துறைக் கணினிப் பதிவில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அதை அங்கிருந்து மீட்டு வேறு பள்ளியில் சேர்க்க ஒரு தலைமையாசிரியர் மெனக்கெட வேண்டும். மெனக்கெட்டவர்கள் உண்டு, பனங்காட்டுக்கே பைக்கில் போய்ப் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் பரீட்சைக்குக் கூட்டிவந்தவரை எனக்குத் தெரியும்.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி மாதிரி ஊர்களில் வளைகுடா நாட்டு வேலைதான் எல்லாம். அங்கே பத்தாவது பாஸுக்குத் துல்லியமான விலை உண்டு. பத்தாவது பாஸாகியிருந்தால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை விழாது. இல்லை என்றால் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அந்த அனுமதி வாங்கி அலைய வேண்டும். இது ஏஜென்ட் முதல் டீக்கடை வரை எல்லோருக்கும் தெரியும். அதனால் பத்தாவது வரை வீடே முட்டுக்கொடுத்துப் படிக்க வைக்கும், பதினொன்றுக்கு அந்த வேகம் இருக்காது. பன்னிரண்டாவது கூடுதலாக என்ன தரும் என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. ஆனால் அதே கீழக்கரையில் 1988-இல் பெண்களுக்கென்று தாசிம் பீவி கல்லூரி வந்தது. பிறகு அந்த வட்டாரத்தில் பெண் பிள்ளைகள் வரிசையாகப் பட்டம் வாங்கினார்கள். பையன்களைவிடப் பெண்கள் கூடப் படித்த வீடுகள் அங்கே நிறைய. மனசு மாற வேண்டும் என்று மேடையில் பேசுவோம். நடந்து போகிற தூரத்தில் ஒரு நல்ல கல்லூரி வந்தால் மனசு தானே மாறுகிறது.

இன்னொரு காரணத்தை விட்டுவிடக் கூடாது. அப்பா கச்சத்தீவு தாண்டிப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிற வீடுகள். 2018-இல் அந்த நாட்டில் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைப் பெருமளவு ஏற்றிய பிறகு, ஆள் திரும்பினாலும் படகு திரும்புவதில்லை. தங்கச்சிமடத்தில் என்னிடம் படித்த ஒருவன், நன்றாகப் படிக்கிறவன், பதினொன்றாம் வகுப்பு அரையாண்டில் நின்றான். அப்பா உள்ளே, படகு அங்கே, கடன் இங்கே. எந்த அறிவுரையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் இப்போது பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். தங்கை நர்ஸிங் முடித்துவிட்டாள், அவன் அனுப்பிய காசில்.

கலாமைச் சொல்லாமல் ராமேசுவரம் பற்றிப் பேச விடமாட்டார்கள். எல்லா ஆண்டு விழாவிலும் பேப்பர் போட்ட பையன் ஜனாதிபதியான கதையைச் சொல்லிப் பிள்ளைகளை நெளிய வைக்கிறோம். அவர் உயர்நிலைப் படிப்புக்கு ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்குப் போய், அங்கேயே தங்கிப் படித்தார் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தீவை விட்டு வந்து தங்க ஒரு இடம், கரையில் நிற்கிற படகு கண்ணில் படாத ஒரு இடம் இருந்தது. எனக்கு அந்தக் கதையில் முக்கியமான வரி அதுதான்.

சரி, உங்கள் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை, துணைத் தேர்வுக்கு விண்ணப்பம். அவன் படித்த பள்ளியிலேயே போடலாம், ரிசல்ட் வந்து சில நாட்களிலேயே கடைசித் தேதி வந்துவிடும். தவறினால் தட்கல் என்று கூடுதல் கட்டணத்தில் இரண்டொரு நாள் தருவார்கள். பணம் சொற்பம், அக்காவிடம் கேட்காமல் நீங்களே அனுப்பிவிடுங்கள். எழுத மாட்டேன் என்று அவன் சொன்னாலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஜூலையில் பாஸானால் இந்த வருடமே பதினொன்றில் சேரலாம், ஒரு வருடம்கூட வீணாகாது. இது பாதிப் பெற்றோருக்குத் தெரியாது.

இரண்டாவது, கணக்கு. அவனுக்கு வேண்டியது 35. வினாத்தாளில் எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டு, ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, நேர்மாறல், எதிர்மாறல் வரைபடம். இதற்கு வாசிப்பு அதிகம் வேண்டாம், கை பழகினால் போதும். வலை பின்னுகிற கைக்கு இது வராமல் போகாது. பதினாறு அங்கே. ஒரு மதிப்பெண் கேள்வி பதினான்கு; புத்தகத்தின் பயிற்சியில் உள்ளதை மனப்பாடம் செய்தால் எட்டோ பத்தோ தேறும். மீதிக்கு அணிகள், உறவுகளும் சார்புகளும் பாடங்களிலிருந்து எளிய இரண்டு மதிப்பெண் கேள்விகள். தினம் ஒன்றரை மணி நேரம், ஐந்து வாரம். ஊரில் பிளஸ் டூ கணக்குப் படித்த பிள்ளை யாராவது இருந்தால் உட்காரச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய் கொடுங்கள். சொந்தக்காரர் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அடி விழும்.

மூன்றாவது, கடலுக்குப் போகவே கூடாது என்று சண்டை போடாதீர்கள். தோற்பீர்கள். பதினான்குக்கு மேல், பதினெட்டுக்குள் இருப்பவனை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதை அக்காவிடம் எடுத்துச் சொல்லலாம். அவனிடம் சட்டம் பேசினால் சிரிப்பான். ஜூலைப் பரீட்சை முடியும் வரை மட்டும் விசைப்படகில் ஏற வேண்டாம் என்று கேளுங்கள். ஜூன் 15 அன்று அவன் கரையில் இருந்தால் போதும். முடிந்தால் அந்த மூன்று வாரம் ராமநாதபுரத்தில் சித்தி வீடு, பெரியம்மா வீடு என்று எங்காவது அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், படித்தால் என்ன கிடைக்கும் என்பதை அவன் கண்ணில் காட்ட வேண்டும், கலெக்டர் ஆகலாம் என்று கதை விடக் கூடாது. கடலோரக் காவல்படையில் நாவிக் என்கிற மாலுமி வேலைக்குப் பன்னிரண்டாவதில் கணக்கும் இயற்பியலும் கேட்கிறார்கள். அதில் சமையல், பரிமாறுதல் மாதிரி வேலைகளுக்கான டொமஸ்டிக் பிரிவுக்குப் பத்தாவது போதும். மீனவர் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுக்கென்றே கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் பயிற்சி நடத்துகிறது. நீச்சலும் படகும் தெரிந்த பையனுக்கு அது அந்நியமான வேலை இல்லை. டீசல் மெக்கானிக் ஐடிஐ இன்னொரு வழி. கரையில் இரண்டு மாதம் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவன்தானே? அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐடிஐ, டிப்ளமோ, கல்லூரி என்று போகிற பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் 2022 முதலே உண்டு. அரைப் பங்குக்கு அது ஈடாகாது, ஆனால் போன் ரீசார்ஜுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை. அந்த வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

ஒன்று கேட்கிறேன், உங்கள் அக்காவுக்கு மகள் இருக்கிறாளா? கேள்வியில் அவளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இருந்தால் எத்தனாவது படிக்கிறாள், எட்டு முடித்தால் எந்த ஊருக்குப் போக வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அக்காவிடம் விசாரித்து எழுதுங்கள். ஒன்பதில் சேர்க்கிற நேரமும் இதே ஜூன்தான்.